ஜெகதா அக்காவுக்கு நான் காட்டாத கடைசிப் பக்கம்

போன மாதம், என்னோடு நாடகப் பிரிவில் வேலை செய்த உங்களில் ஒருவர் தம் குறும்படத்தைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினார். பூட்டிய வீடு, தனியாக ஒரு பெண், யாரோ நடமாடும் சத்தம், கடைசியில் ஒரு திடுக்கிடல். படம் மோசமில்லை. முடிந்ததும், "நடிச்ச பொண்ணுக்கே முடிவு என்னன்னு தெரியாது சார். ஸ்கிரிப்ட்ல அந்தப் பக்கத்த மட்டும் கொடுக்கல. அப்பதான் முகத்துல உண்மையான பயம் வரும்" என்று பெருமையாகச் சொன்னார். நான் எழுந்து போய்விட்டேன். அதில் அவருக்கு மனவருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன். தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே காரியத்தை அதே பெருமையோடு செய்தவன் நான். என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒளிபரப்புப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கடைசி ஆண்டில் ஆளுக்கொரு படம் எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதையும் காவடி எடுப்பதையும் எடுக்கப் போனார்கள். நான் சைக்காலஜிக்கல் த்ரில்லர் எடுக்கப் போகிறேன் என்றேன். அந்தச் சொல்லை எங்கே பொறுக்கினேனோ தெரியாது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கேமராமேன் மணியம் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் என்னை 'த்ரில்லரு' என்றே கூப்பிட ஆரம்பித்தான்.

கதை இதுதான். ஒரு மனைவி. சாயங்காலம் ஆறு மணியானால் கணவன் வருவதற்காகத் தட்டில் சோறு போட்டு வைப்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், கதவு தட்டும் சத்தம் கேட்கும், போய்த் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். யாரோ அவளைப் பயமுறுத்துகிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைக்க வேண்டும். படம் முழுக்கச் சுவரில் அவர்களுடைய கல்யாண போட்டோ தொங்கிக்கொண்டிருக்கும். கடைசி ஷாட்டில் கேமரா தட்டிலிருந்து மெல்லச் சுவருக்குப் போகும். அதே போட்டோ, ஆனால் இப்போது மாலை போட்டிருக்கும். கணவன் செத்துப்போய் வெகுநாள் ஆகிவிட்டது, இவள்தான் அதைப் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த மாலையைப் பார்த்தால் புரிந்துவிடும். நம் வீடுகளில் போட்டோவுக்கு மாலை விழுந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான். வசனமே தேவையில்லை என்று நான் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன்.

மனைவியாக நடிக்க ஜெகதா அக்காவைப் பிடித்தேன். கோலாலம்பூரிலேயே செந்தூல் பகுதியில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருந்தார். ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கோயில் திருவிழாவில் போடும் நாடகங்களில் நடித்து அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியிருந்தார். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய பொட்டு, கழுத்தில் தாலி, குரலில் ஓர் அமைதி. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "சிங்கப்பூர்ல வேலை" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதி ஸ்கிரிப்டை அவரிடம் கொடுத்தேன். "முடிவு என்ன தம்பி?" என்று கேட்டார். "அது சஸ்பென்ஸுக்கா. அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். போட்டோ ஒன்று வேண்டுமே என்று நாங்கள் யோசித்தபோது, அவர் பக்கத்தில் வேறு யாரையாவது நிறுத்திப் போலிக் கல்யாணப் படம் எடுக்கலாம் என்று மணியம் சொன்னான். எனக்குச் சோம்பல். "அக்கா, உங்க கல்யாண போட்டோவையே கொண்டு வந்துடுங்களேன்" என்றேன். "சுவத்துல மாட்டறதுக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் மணியத்தின் மாமாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. மாமா குடும்பம் ஊருக்குப் போயிருந்த ஒரு சனி, ஞாயிறு எங்களுக்குக் கிடைத்தது. கேமராவைத் திங்கள் காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஜெகதா அக்கா போட்டோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைப் படம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மெலிந்த மனிதர் ஒருவர் நாற்காலி முதுகில் கைவைத்து விறைப்பாக நின்றார். சனிக்கிழமை முழுக்க அந்தப் படம் சுவரில் இருக்க, நாங்கள் எடுத்துத் தள்ளினோம். நான் சொல்லிக்கொடுக்கும்படி அக்கா எதையும் விட்டு வைக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கும்போது அவர் முகத்தில் பயமே வரவில்லை. ஓர் ஆசைதான் வந்தது. த்ரில்லருக்கு இது பொருந்துமா என்று முதலில் குழம்பினேன். பிறகு இதுதான் இன்னும் பயமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூக்கடைக்குப் போய் மாலை வாங்கினேன். கட்டிக்கொண்டிருந்த அம்மா, "துக்க வீட்டுக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா, ஷூட்டிங். போட்டோவுக்குப் போடணும்" என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு, "போட்டோல இருக்கிறவங்க போயிட்டவங்கதானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மனிதரின் படத்துக்கு மாலை வாங்குகிறோம் என்று எனக்குத் தெரியும். மணியம், "எடுத்து முடிச்சதும் கற்பூரம் சுத்திப் போட்டுட்டா சரியாயிடும்லா" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மாலையைப் பார்த்ததும் ஜெகதா அக்கா, "இது எதுக்கு?" என்றார். அப்போதுதான் கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"வேற போட்டோ வச்சு எடுக்கலாமா தம்பி?"

"முடியாதுக்கா. நேத்துலருந்து எல்லா ஷாட்லயும் இதுதான் இருக்கு. இதே போட்டோல மாலை வந்தாதான் கதையே."

அவர் பேப்பரை மடித்தார். "அவரு சிங்கப்பூர்ல இருக்காருன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. இருக்காரா இல்லையான்னே தெரியாது. போயி மூணு வருஷம் ஆச்சு. மொத ஆறு மாசம் கடுதாசி வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணியாச்சு. கூட வேலை செஞ்சவங்களையும் கேட்டாச்சு. இருக்காருன்னும் யாரும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. வீட்டுல அத்தை இருக்காங்க. இன்னும் மகனுக்குன்னு சோறு எடுத்து மூடி வைக்கிறாங்க."

மணியம் என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்கிரிப்டப் படிச்சப்போ எங்க வீட்டுக் கதையாட்டமே இருந்துச்சு" என்றார் அக்கா. "கடைசிப் பக்கத்துல அவரு கதவத் தொறந்து வந்துருவாருன்னு நெனச்சிதான் தம்பி ஒத்துக்கிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. படத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு முடிவு யோசித்திருக்கலாம். குறைந்த மார்க் வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "வெறும் நடிப்புதானேக்கா. ரெண்டு நிமிஷம். எடுத்ததும் கழட்டிடலாம்."

"யாரு பாப்பாங்க இத?"

"லெக்சரர் மூணு பேரு. பரீட்சைக்கு மட்டும்தான் லா."

அவர் மடித்த பேப்பரை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு, "நான் போட மாட்டேன். நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் ஏறி மாலையைப் போட்டேன். ரயில் ஒன்று போனது, அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு எடுத்தோம். சோற்றைப் போட்டார், நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நடிகர்களை வைத்து வேலை செய்திருக்கிறேன். அந்த முகத்தை நான் மறுபடி எந்த மானிட்டரிலும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று உள்ளே குதித்தேன்.

அக்கா குழாயடியில் போய் நெடுநேரம் முகம் கழுவினார். தாமே போட்டோவை இறக்கி, மாலையைக் கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மணியம் கற்பூரத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு எடிட்டிங் சொல்லித்தந்தவர் அரசாங்கப் படப்பிரிவில் நெடுங்காலம் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். படத்தைப் பார்த்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போட்டோவில இருக்கிறது ஆர்?"

"ஸ்டூடியோவுல பழசா கிடந்தது சார்."

"அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியேல்லை" என்றார். நான் கேசட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. என் படத்துக்குத்தான் எல்லோரையும்விட அதிக மார்க் போட்டார். அதற்குப் பிறகு வராந்தாவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார்.

இரண்டு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஓர் இளைஞர் மன்றம் மாணவர் படங்களைத் திரையிடக் கேட்டது. ஞாயிறு சாயங்காலம், சின்ன மண்டபம். தொலைக்காட்சி நாடகப் பிரிவின் தயாரிப்பாளர் ஒருவர் வருகிறார், ஆள் எடுக்கப் பார்க்கிறார் என்று பேச்சு. நான் ஜெகதா அக்காவின் ஆபீஸுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டுச் செய்தேன் என்று காட்டிக்கொள்ளத்தான். மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"செந்தூல் ஆளுங்க வருவாங்களே தம்பி" என்றார் கடைசியில். "சரி, உங்களுக்கும் வேலை கிடைக்கணும். அந்தக் கடைசிய மட்டும் எடுத்துட்டுப் போடுங்க. சோறு போடுறதோட முடிச்சிருங்க. நான் வரல."

"கண்டிப்பாக்கா" என்றேன்.

பாதி வாக்கைக் காப்பாற்றினேன். தட்டோடு முடியும் இன்னொரு கேசட்டைத் தயார் செய்தேன். போட்டுப் பார்த்தேன். உப்பில்லாத குழம்பு. ஒரு பெண் சோறு போடுகிறாள், சத்தம் கேட்கிறாள், அவ்வளவுதான், த்ரில்லரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மண்டபத்துக்குப் போகும்போது இரண்டு கேசட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் முறை வந்தது. மெஷின் பக்கத்தில் நின்றவர், "அண்ணே, டேப்பு?" என்று கையை நீட்டினார். முன்வரிசையில் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதா அக்கா இருக்கிறாரா என்று கூட்டத்தில் ஒரு பார்வை பார்த்தேன். இல்லை. பழைய கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். பெரிய மனப்போராட்டம் எல்லாம் நடக்கவில்லை. பையிலிருந்து ஒரு கேசட்டை எடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம்தான்.

படம் ஓடியது. கூட்டம் அசையாமல் பார்த்தது. கேமரா தட்டிலிருந்து சுவருக்குப் போய் மாலை தெரிந்தபோது நான் எதிர்பார்த்தபடியே எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு வயதான பெண்குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது.

"பாப்பா, எம் மவன் போட்டோவுக்கு ஏன் மாலை போட்டிருக்கு?"

பின்வரிசையில் யாரோ, சும்மா இருங்க பாட்டி என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, உங்க மருமக படத்துல நடிச்சிருக்கா வாங்க என்று ஆசையாக அவரைக் கூட்டி வந்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விளக்கு வந்தது, கைதட்டினார்கள். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்கள். அதே நேரத்தில் தயாரிப்பாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வாங்க" என்றார். வாசலுக்கு இருபது அடி இருக்கும். நான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு வேலை கிடைத்த கதை இதுதான். என் பிரிவுபசாரத்தில் நீங்கள் எல்லோரும் புகழ்ந்து பேசிய முப்பது வருஷத்தின் முதல் நாள் அது. வேலைக்குச் சேர்ந்த பிறகு யாரை நடிக்க வைத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் கொடுத்தேன். நடிப்பவர் வீட்டுச் சாமானை செட்டுக்குள் விட்டதில்லை. இதனால் சில நல்ல ஷாட்கள் போயிருக்கின்றன, முகங்களில் பயம் குறைந்திருக்கிறது. இவன் ரொம்ப ஜாக்கிரதைக்காரன் என்று உங்களில் சிலர் முதுகுக்குப் பின்னால் கேலி செய்ததும் தெரியும். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. நடிப்பவர் வேண்டாம் என்று சொன்ன ஷாட்டை வைத்துக்கொள்ள உங்களுக்கு ஆயிரம் காரணம் தோன்றும். என்னிடம் ஒரே காரணம்தான் இருந்தது, அது நன்றாக இருந்தது.

திங்கட்கிழமையே தயாரிப்பாளரைப் பார்க்கப் போய்விட்டேன். செந்தூலுக்குப் போகப் பத்து நாள் ஆயிற்று.

மூன்றாவது மாடி. ஜெகதா அக்காதான் கதவைத் திறந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு நடைபாதைக்கு வந்து நின்றார்.

"உள்ள கூப்பிட முடியாது தம்பி. அத்தை படுத்திருக்காங்க."

"அக்கா, நான் அவங்ககிட்ட சொல்றேன். நடிப்புன்னு சொல்றேன். மாலை போட்டது நான்தான்னு சொல்றேன்."

"நான் சொல்லாம இருப்பேனா. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுலருந்து சொன்னேன். நம்பல. உனக்குச் சேதி வந்திருக்கு, எங்கிட்ட சொல்ல வாய் வரல, அதான் படத்துல காட்டிட்டேங்கிறாங்க. நடிப்புக்குன்னு எந்தப் பொம்பளயாச்சும் உசுரோட இருக்கிற புருஷன் போட்டோவுக்கு மாலை போட விடுவாளான்னு கேக்குறாங்க. அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

கிள்ளானிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்களாம். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்களாம். அவர் ஆபீஸ் விஷயம் சொல்வதுபோல் சொன்னார்.

"நீங்க ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"மூணு வருஷமா அழாதவங்க அன்னிக்கு அழுதாங்க. அழுதுட்டுத் தூங்குனாங்க. நான் அவரு சாகல, சாகலன்னு பிடிவாதம் புடிச்சா எந்திரிச்சு மறுபடி வாசலப் பாத்து உக்காந்துருவாங்க. அவங்களாச்சும் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் கீழே ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை கிடைச்சிச்சா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். நல்லது என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பத் திரும்பியபோது கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. கதை எழுதுறவரு நீங்க, உங்களுக்குத் தெரியும். நாளைக்கே அவரு வந்து இந்தக் கதவத் தட்டுறாருன்னு வைங்க. நான் இந்தக் கோலத்துல போயித் தொறக்கவா?"

அவர் சும்மா கேட்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.